திட உணவு தொடங்கிய பின் வரும் தொல்லைகள்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பால் மட்டுமே குடிக்கும் வரையில் ஒரு குழந்தையைப் பற்றிய கவலைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். முதல் கரண்டி மசியல் உள்ளே போன மறுநாளிலிருந்து, துப்புகிறதே, குமட்டுகிறதே, மலம் போகவில்லையே, கன்னம் சிவந்திருக்கிறதே என்று கேள்விகள் வரிசை கட்டுகின்றன. இவற்றில் பெரும்பாலானவை நோயின் அறிகுறிகள் அல்ல. கொடுத்த நேரம், உணவின் பதம், அளவு ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று குழந்தைக்கு ஒத்துவரவில்லை என்பதன் அடையாளங்கள். அலட்சியப்படுத்தக் கூடாத அறிகுறிகள் சிலவே என்றாலும், அவற்றை மற்றவற்றிலிருந்து பிரித்தறியத் தெரிந்திருக்க வேண்டும்.

எந்தச் சிக்கலானாலும் ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். உணவையும் நேரத்தையும் கரண்டியையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால், சரியானது எதனால் என்பதோ, சரியாகாதது எதனால் என்பதோ தெரியாமல் போய்விடும். ஒரு குறிப்பேட்டில் எதை, எத்தனை மணிக்கு, எவ்வளவு கொடுத்தீர்கள், அதன் பின் எவ்வளவு நேரம் கழித்து என்ன நேர்ந்தது என்று எழுதி வையுங்கள். அந்தக் கால இடைவெளிதான் மருத்துவரும் முதலில் கேட்கும் விவரம்.

குமட்டுகிறது, அல்லது மூச்சடைக்கிறது

இவை இரண்டும் வேறு வேறு. குமட்டும்போது குழந்தை சத்தம் போடும், இருமும், முகம் சிவக்கும், கண்ணில் நீர் வரும், நாக்கை வெளியே நீட்டி உணவைத் தானே முன்னால் தள்ளிவிடும். 6 மாதக் குழந்தைக்குக் குமட்டலைத் தூண்டும் இடம் நாக்கின் முற்பகுதிக்குச் சற்று அருகிலேயே இருக்கிறது. மாதங்கள் போகப் போகத்தான் அது பின்னால் நகர்கிறது. ஆகவே உணவு தொண்டையை எட்டுவதற்கு வெகு முன்பே குழந்தை குமட்டுவது இயல்பான தற்காப்பு. அந்த நேரத்தில் பதறி வாய்க்குள் விரலை விட்டால், முன்னால் வந்துகொண்டிருந்த துண்டை நாமே பின்னால் தள்ளிவிடக் கூடும். அருகிலேயே அமர்ந்து, முகத்தில் பதற்றத்தைக் காட்டாமல், சில விநாடிகள் காத்திருப்பதே சரி.

மூச்சடைப்பு பெரும்பாலும் அமைதியாக வரும். குழந்தையால் அழ முடியாது, இருமல் வராது அல்லது வலுவற்றதாக இருக்கும், உதடு நீலம் பாயும். அப்போது குழந்தையை உங்கள் முன்கையின் மீது குப்புறக் கிடத்தி, தலை உடம்பைவிடத் தாழ்ந்திருக்குமாறு தாடையைத் தாங்கிக்கொண்டு, இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை உறுதியாக அடிக்க வேண்டும். அடைத்தது வெளியே வராவிட்டால் மல்லாக்கத் திருப்பி, மார்பெலும்பின் கீழ்ப் பாதியில் 5 முறை அழுத்த வேண்டும். அடைப்பு நீங்கும் வரை இவ்விரண்டையும் மாறி மாறிச் செய்ய, உடன் இருப்பவர் ஆம்புலன்சை அழைக்க வேண்டும். குழந்தை நினைவிழந்தால் உடனே இதய நுரையீரல் மீட்பு முதலுதவியைத் தொடங்க வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் வயிற்றை ஒருபோதும் அழுத்தக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி விரலால் துழாவவும் கூடாது. படித்து மட்டும் கற்றுக்கொள்ளும் செயல் அல்ல இது. முதல் கரண்டி ஊட்டுவதற்கு முன்பே யாராவது ஒருவரிடம் பொம்மையை வைத்துச் செய்துகாட்டச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

முழுத் திராட்சை, முழுக் கொட்டைகள், பச்சைக் கேரட், கடினமான ஆப்பிள் துண்டு, பாப்கார்ன், மிட்டாய் ஆகியவை இந்த வயதில் தட்டில் இருக்கவே கூடாது. திராட்சையை நீளவாக்கில் நான்காகப் பிளந்து கொடுக்க வேண்டும்; குறுக்காக வெட்டினால் அது மூச்சுக்குழாயை அடைக்கும் வட்ட வடிவத்திலேயே இருக்கும். குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது மட்டுமே ஊட்ட வேண்டும். சாய்ந்து கிடக்கும்போதோ ஓடும் காரிலோ ஊட்டக் கூடாது.

ஊட்டியதையெல்லாம் நாக்கால் வெளியே தள்ளுகிறது

பிடிக்கவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன், குழந்தை தயாராகிவிட்டதா என்று பாருங்கள். பச்சிளம் குழந்தைகளின் நாக்கு, உள்ளே வரும் திடப்பொருளைத் தானாகவே வெளியே தள்ளும். 4 முதல் 6 மாதங்களுக்குள் இந்த அனிச்சைச் செயல் மெல்ல மறைகிறது. உலக சுகாதார நிறுவனம், 6 மாதங்கள் நிறையும் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்றும், அதன் பின் இணை உணவைத் தொடங்கி, 2 வயது வரையிலோ அதற்கு மேலுமோ தாய்ப்பாலைத் தொடரலாம் என்றும் பரிந்துரைக்கிறது. நாள்காட்டியோடு குழந்தையின் உடம்பையும் பார்க்க வேண்டும்: தலை ஆடாமல் நிற்கிறதா, சற்றே தாங்கினால் உட்கார்கிறதா, ஒரு பொருளைக் கண்ணால் பார்த்துக் கையால் எடுத்து வாய்க்குக் கொண்டுபோகிறதா? இவை மூன்றும் இருந்தும் துப்பினால் ஒரு வாரம் விட்டுவிட்டு மீண்டும் முயலுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு எப்போது தொடங்குவது என்பதை மருத்துவரோடு பேசி முடிவு செய்வதே நல்லது.

சில வேளைகளில் தவறு நம் கையில் இருக்கிறது. கரண்டியை வாய்க்குள் ஆழமாக நுழைத்து, வெளியே எடுக்கும்போது மேல் ஈறில் வழித்துவிடுவது நம்மில் பலருக்கும் பழக்கம். அப்படிச் செய்யாமல், கரண்டியைக் கீழ் உதட்டின் மீது மெல்ல வைத்து நிறுத்திக்கொள்ளுங்கள். குழந்தை தானே முன்னால் வந்து, மேல் உதட்டைக் கவித்து, கரண்டியிலிருந்து உணவை இழுத்துக்கொள்ளும் வரை காத்திருங்கள். முதல் இரண்டு நாள் பாதிக்கு மேல் தாடையில்தான் வழியும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அந்த மேல் உதடு கீழே இறங்கி வருவதைப் பார்க்கலாம்.

வாயைத் திறக்கவே மறுக்கிறது

ஊட்டுவதற்குச் சற்று முன்புதான் வயிறு நிறையப் பால் குடித்ததா, மூக்கடைத்திருக்கிறதா, பல் முளைக்கும் ஈறு வீங்கியிருக்கிறதா, தூக்கம் கண்ணைச் சொக்குகிறதா என்று முதலில் பாருங்கள். பால் குடித்து ஒரு மணி நேரமாவது கழிந்த, விழிப்பான வேளையில் ஊட்டினால் இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும்.

அடுத்த காரணம் புதுச் சுவை. ஒரு காயை ஒரு முறை கொடுத்து, முகம் சுளித்ததும் ‘இது இவனுக்குப் பிடிக்காது’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். ஒரு சுவை பழகுவதற்குக் குழந்தைக்கு அதை 8 முதல் 10 முறை, சில வேளை அதற்கும் மேலாக, வெவ்வேறு நாள்களில் கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம். ஒவ்வொரு முறையும் ஒரு கரண்டி நுனி அளவு போதும். சுவையை மறைக்கச் சர்க்கரையோ உப்போ சேர்க்காதீர்கள். ஒரு வயதுக்கு முன் இரண்டும் தேவையில்லை.

மூன்றாவது காரணம் நாம் கொடுக்கும் அழுத்தம். என் பார்வையில் அதிகம் கவனிக்கப்படாமல் போவது இதுவே. குழந்தை தலையைத் திருப்பினால், உதட்டை இறுக்கினால், கரண்டியைத் தட்டிவிட்டால், அது போதும் என்கிறது. அதன் பிறகும் திரையைக் காட்டி, கவனத்தைத் திருப்பி, திறந்த வாய்க்குள் ஒரு கரண்டியைத் திணித்தால் அன்றைய கிண்ணம் காலியாகலாம். மறுநாள் கரண்டியைக் கண்டதுமே அழுகை தொடங்கும். அமெரிக்க ஊட்டச்சத்து நிபுணர் எல்லின் சாட்டர் இதற்கு ஒரு எல்லைக்கோடு வகுத்தார்: எதை, எப்போது, எங்கே கொடுப்பது என்பது பெரியவர்களின் பொறுப்பு, சாப்பிடுவதா, எவ்வளவு சாப்பிடுவது என்பது குழந்தையின் பொறுப்பு. இதற்கும் வெகு முன்பே, 1928-இல், கிளாரா டேவிஸ் என்ற குழந்தை மருத்துவர், அப்போதுதான் பால் மறந்த குழந்தைகளின் முன் பலவகை எளிய உணவுகளைப் பரப்பி வைத்து, தாமே தேர்ந்து உண்ண விட்ட ஆய்வை வெளியிட்டார். ஒரு வேளையில் ஒரே பொருளை அளவுக்கு மீறித் தின்பது, மறுநாள் அதைத் திரும்பியும் பாராதிருப்பது என்று அவர்கள் உண்ட விதம் ஒழுங்கற்றதாகத் தெரிந்தாலும், எல்லாரும் நன்றாகவே வளர்ந்தார்கள். இதில் ஒன்றை மறந்துவிடக் கூடாது: அங்கே பரப்பி வைக்கப்பட்டவற்றில் இனிப்புப் பண்டம் ஒன்றுகூட இல்லை.

20 அல்லது 30 நிமிடங்களுக்கு மேல் ஒரு வேளை உணவை இழுக்க வேண்டாம். கரண்டியைப் பிடுங்க வரும் குழந்தைக்கு இன்னொரு கரண்டியைக் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் உங்கள் கரண்டியால் ஊட்டுங்கள். பல வீடுகளில் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

மசியல் இறங்குகிறது, சிறு கட்டி இருந்தாலும் துப்புகிறது

மிக்ஸியில் அரைத்த மென்மையான மசியலிலேயே பல மாதம் நின்றுவிட்டதன் விளைவு இது. கட்டியுள்ள உணவு 9, 10 மாதங்களுக்குப் பின்னரே அறிமுகப்படுத்தப்பட்ட குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் சாப்பாட்டுச் சிக்கல்கள் கூடுதலாகக் காணப்பட்டதாகப் பிரிட்டனில் நடந்த நீண்டகால ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. மிக்ஸியை விட்டு முட்கரண்டிக்கு வாருங்கள்: முதல் வாரம் நன்றாக மசித்து, அடுத்த வாரம் அரைகுறையாக மசித்து, அதன் பின் இரண்டு விரல்களுக்கிடையே நசுங்கும் அளவுக்கு வெந்த துண்டுகளாகக் கையில் கொடுங்கள். பல் முளைக்கவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். வெந்த காயை ஈறே நசுக்கிவிடும். தண்ணீர்ப் பதமான குழம்பில் கட்டிகள் மிதப்பதுதான் குழந்தைக்கு மிகவும் கடினம், ஏனென்றால் ஒரே வாயில் விழுங்க வேண்டியதும் மெல்ல வேண்டியதும் கலந்து வருகின்றன.

மலம் கெட்டியாகிவிட்டது, நிறம் மாறிவிட்டது

நாள்களை எண்ண வேண்டாம். மலத்தின் பதத்தைப் பாருங்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை மிருதுவாகப் போனால் அது மலச்சிக்கல் அல்ல. ஆட்டுப் புழுக்கை போல உருண்டை உருண்டையாக, முக்கி அழுது போனால் மலச்சிக்கலே. அரிசி, வாழைப்பழம், வேகவைத்த ஆப்பிள் ஆகியவை மட்டுமே சுழற்சியில் இருந்தால் அவற்றைக் குறைத்து, பேரிக்காய், பீச், உலர்ந்த பிளம் ஆகியவற்றின் மசியலையும், காய்களையும், பருப்பையும் சேர்த்துப் பாருங்கள். உணவோடு சில மிடறு தண்ணீரும் கொடுக்கலாம். மருத்துவரைக் கேட்காமல் மலமிளக்கி கொடுக்க வேண்டாம்.

மலச்சிக்கலோடு அழுகை பலவீனமாகி, கண்ணிமை தொங்கி, பால் உறிஞ்சும் வலு குறைந்து, உடம்பு துவண்டால், அது வேறு கதை. தேனில் இருக்கக்கூடிய கிருமியின் வித்துகள் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நச்சை உண்டாக்கும் பொட்டுலிசம் என்ற நோய் பல வேளைகளில் மலச்சிக்கலாகவே தொடங்குகிறது. வீட்டுச் சமையலின் சூடு அந்த வித்துகளை அழிப்பதில்லை. அதனால்தான் ஒரு வயது வரை தேனை நாக்கில் தடவக்கூடக் கூடாது என்கிறார்கள். இந்த அறிகுறிகள் தென்பட்டால் அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நிறத்தைப் பொறுத்தவரை, பீட்ரூட் சிவப்பாகவும், கீரை பச்சையாகவும், இரும்புச்சத்துச் சொட்டு மருந்து கரும்பச்சையாகவும் வெளியே வரும். கேரட் துண்டு போனபடியே வரும். என் மகள் முதன்முதலாக வாழைப்பழம் சாப்பிட்ட மறுநாள், டயபரில் கறுப்பு நூல் போலக் குட்டிக் குட்டியாக எதையோ பார்த்துப் புழு என்றே நினைத்து, அந்த டயபரை மூன்று பைகளில் சுற்றி மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் பையைத் திறக்காமலேயே ‘நேற்று வாழைப்பழமா?’ என்று கேட்டார். பழத்தின் நடுவிலுள்ள நார் செரிக்கும்போது கறுத்து அப்படி நூலாக வருகிறது. அசையாது என்பதே அடையாளம். மாறாக, உணவோடு தொடர்பில்லாத ரத்தச் சிவப்பு, தார் போன்ற கறுப்பு, சுண்ணாம்பு போன்ற வெளுப்பு ஆகிய மூன்றில் எதைக் கண்டாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

தோல் சிவக்கிறது, தடிக்கிறது

தக்காளி, ஆரஞ்சு, ஸ்ட்ராபெரி போன்ற புளிப்புள்ளவை பட்ட இடத்தில் மட்டும், வாயைச் சுற்றி, தட்டையாகச் சிவந்து, கழுவியபின் சிறிது நேரத்தில் மறைந்தால், அது பெரும்பாலும் தோல் எரிச்சலே. ஊட்டுவதற்கு முன் வாயைச் சுற்றிச் சிறிது வாசலின் தடவினால் குறையும். உணவு படாத இடங்களில், வயிற்றிலோ முதுகிலோ, கொசுக் கடித்தாற்போல மேடான தடிப்புகள் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தோன்றினால் ஒவ்வாமை என்று கருதி, அந்த உணவை நிறுத்தி, மருத்துவரிடம் கேட்க வேண்டும். உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சில் விசில் சத்தம் கேட்டால், தொடர்ந்து வாந்தி எடுத்துத் துவண்டால் நிமிடங்கள் முக்கியம். அட்ரினலின் ஊசிதான் அதற்குரிய மருந்து என்பதால் வீட்டில் எதையும் முயலாமல் உடனே அவசர உதவியை அழையுங்கள்.

ஒவ்வாமைக்கு அஞ்சி முட்டையையும் வேர்க்கடலையையும் தள்ளிப் போடுவது பழைய அறிவுரை. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2000-இல், ஒவ்வாமை வாய்ப்பு மிகுந்த குழந்தைகளுக்கு வேர்க்கடலையை 3 வயது வரை தவிர்க்கச் சொன்னது. 2008-இல் அந்த அறிவுரையைக் கைவிட்டது. 2015-இல் வெளியான லீப் ஆய்வில், 4 முதல் 11 மாத வயதுள்ள, ஒவ்வாமை வாய்ப்பு மிகுந்த 640 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர்; வேர்க்கடலையைத் தவிர்த்தவர்களில் 17.2 விழுக்காட்டினருக்கும், தொடர்ந்து சாப்பிட்டவர்களில் 3.2 விழுக்காட்டினருக்கும் மட்டுமே 5 வயதில் அந்த ஒவ்வாமை இருந்தது. ஆகவே முழுக் கடலையாக அல்லாமல், நைசாக அரைத்த விழுதை மசியலில் நீர்க்கக் கலந்து, ஒரு பகல் வேளையில், குழந்தை நலமாக இருக்கும் நாளில், நுனிக் கரண்டி அளவில் தொடங்குங்கள். ஒத்துக்கொண்டால் வாரந்தோறும் தொடருங்கள். கடுமையான எக்ஸிமாவோ (அரிப்போடு கூடிய தோல் அழற்சி) முட்டை ஒவ்வாமையோ ஏற்கெனவே உள்ள குழந்தைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும்.

சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து வாந்தி

ஊட்டிய உடனே சிறிது கக்குவது அளவு மிகுந்ததால் இருக்கலாம். ஆனால் ஒரே உணவைக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும், 1 முதல் 4 மணி நேரத்துக்குள் மீண்டும் மீண்டும் வாந்தி எடுத்து, வெளிறி, துவண்டு, தோலில் ஒரு தடிப்பும் இல்லாமல் இருந்தால், அது குடலைத் தாக்கும் தனிவகை ஒவ்வாமையாக இருக்கலாம். பசும்பால், சோயா, அரிசி, ஓட்ஸ் ஆகியவை இதைத் தூண்டுவதுண்டு. இடைவெளி நீள்வதால் ‘எதுவோ கெட்டுப்போனதைத் தின்றிருக்கும்’ என்று கடந்துவிடுகிறோம். குறிப்பேடு கைகொடுப்பது இங்கேதான். துவண்டுவிட்ட குழந்தையை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

வயிற்றுப்போக்கு

தண்ணீராகப் பல முறை போனால் பாலை நிறுத்தாதீர்கள், உணவையும் நிறுத்தாதீர்கள்; மருத்துவர் சொல்லும் அளவில் உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். சிறுநீர் குறைவது, அழுதாலும் கண்ணீர் வராதது, உச்சிக்குழி உள்வாங்குவது ஆகியவை நீரிழப்பின் அடையாளங்கள். சமைத்த உணவு அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் இருந்ததா என்றும், குழந்தை மிச்சம் வைத்த, எச்சில் கலந்த கிண்ணத்தை மறுவேளைக்கு எடுத்து வைத்தீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள்.

சாப்பிடுகிறது, ஆனால் எடை ஏறவில்லை

இரண்டாம் அரையாண்டில் எடை ஏறும் வேகம் எல்லாக் குழந்தைகளுக்கும் குறையத்தான் செய்யும். பிறந்த எடை 5 மாதங்களில் ஏறத்தாழ இரட்டிப்பாகி, ஒரு வயதில் மும்மடங்காகிறது. வளர்ச்சி அட்டையில் குழந்தையின் கோடு தன் பாதையிலேயே சென்றால் கவலை வேண்டாம். அது அட்டையில் அச்சிட்டிருக்கும் வளைகோடுகளில் இரண்டைக் கீழ்நோக்கிக் கடந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

பெரும்பாலும் சிக்கல் கிண்ணத்தின் அளவில் இல்லை, அதன் அடர்த்தியில் இருக்கிறது. குழந்தையின் இரைப்பை, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 30 கிராம் உணவையே கொள்ளும்; 8 கிலோ குழந்தைக்கு 240 கிராம்தான். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இணை உணவிலிருந்து 6-8 மாதங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கலோரியும், 9-11 மாதங்களில் 300 கலோரியும், அதன் பின் 550 கலோரியும் தேவைப்படுகின்றன. நீர்த்த கஞ்சி அந்தச் சிறு இடத்தைத் தண்ணீரால் நிரப்பிவிடுகிறது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாமல் ஒட்டி நிற்பதே சரியான பதம். அதில் சிறிது எண்ணெயோ வெண்ணெயோ சேருங்கள். 6-8 மாதங்களில் நாளுக்கு 2, 3 முறையும், பின்னர் 3, 4 முறையும் கொடுங்கள். உணவுக்கு முன் பழச்சாறு கொடுத்துப் பசியைக் கெடுக்காதீர்கள்.

எடை சரியாக இருந்தும் குழந்தை வெளிறி, சோர்ந்து, பசியின்றி இருந்தால் இரும்புச்சத்தை எண்ணிப் பாருங்கள். தாயின் வயிற்றிலிருந்து கொண்டுவந்த இரும்பின் இருப்பு 6 மாத அளவில் கரைந்துவிடுகிறது. தாய்ப்பாலில் இரும்பு மிகவும் குறைவு. 7 முதல் 12 மாதங்கள் வரை நாளுக்கு 11 மில்லிகிராம் என்பது அமெரிக்கப் பரிந்துரை. அதனால் முதல் உணவுகளிலேயே இறைச்சி, மீன், பருப்பு, இரும்பு சேர்த்த தானியம் ஆகியவற்றுக்கு இடம் கொடுங்கள். பருப்போடு வைட்டமின் சி உள்ள பழமோ காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். தேநீர் அதைத் தடுக்கும்.

இரவில் இன்னும் விழிக்கிறது

திட உணவு கொடுத்தால் விடியும் வரை தூங்கும் என்ற நம்பிக்கை இங்கே ஏமாற்றம் தரும். சீக்கிரமே உணவு தொடங்கிய குழந்தைகள் சற்றுக் கூடுதலாகத் தூங்கியதாக 2018-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு சொல்கிறது. மிகுந்த வேறுபாடு காணப்பட்ட வயதில்கூட அது ஓர் இரவுக்கு ஏறத்தாழ 16 நிமிடங்களே. அதற்காகப் பால் புட்டியில் தானிய மாவைக் கலப்பது தேவையற்றது. புரையேறும் அபாயமும் உண்டு.

உள்ளங்கை மஞ்சளாகத் தெரிகிறது

கேரட், பூசணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவற்றை வாரக்கணக்கில் நிறையக் கொடுத்தால் கரோட்டின் சேர்ந்து உள்ளங்கை, உள்ளங்கால், மூக்கு நுனி ஆகியவை ஆரஞ்சு கலந்த மஞ்சளாகும். அது தீங்கற்றது, அவற்றைக் குறைத்தால் சில வாரங்களில் மங்கிவிடும். குழந்தையைச் சன்னலருகே பகல் வெளிச்சத்தில் வைத்துக் கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் கேரட்டைக் குறைத்தால் போதும். அதுவும் மஞ்சளாக இருந்தால் காரணம் கேரட் அல்ல, அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.